நடை பயிலல்

எங்கள் வீட்டுக் கிணற்றடியிலே பாசி பிடித்திருந்தது வீட்டார் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. நாளைக்குத் தேய்த்துவிடலாம் என்று நான் சொல்லத் தொடங்கி மூன்று வாரம் கழிந்திருந்தது. 2022 ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்து மழைக்காலக் காலைப்பொழுதொன்றில், பூசைக்கு நீர் அள்ளச் சென்ற என் தாயார் அந்தப் பாசியிலே வழுக்கி விழுந்தார். அப்பொழுது அவருக்கு வயது 74. வாளி உருண்ட ஓசையும், அதைத் தொடர்ந்து எழுந்த "ஐயோ முருகா" என்ற குரலும் இன்றும் என் காதை விட்டு அகலவில்லை. தூக்க முயன்றபோது வலக்காலைத் தொடவும் விடாமல் அலறினார். அக்கால் மற்றக் காலினும் சற்றுக் குறுகி, பாதம் வெளிப்புறமாகத் திரும்பிக் கிடந்தது. தொடையெலும்பு இடுப்போடு பொருந்தும் கழுத்துப் பகுதி முறிந்துவிட்டது என்று வைத்தியசாலையிலே படம் பிடித்துப் பார்த்துச் சொன்னார்கள்.

மூன்றாம் நாள் சத்திரசிகிச்சை நடந்தது. நான்காம் நாட் காலை உணவு கொண்டு சென்ற நான், அம்மாவின் கட்டிலருகே வெண்ணிறச் சட்டை அணிந்த இளம்பெண் ஒருவர் நிற்கக் கண்டேன். வயது 25 இற்கு மேல் இராது. தாதி என்றே முதலில் எண்ணினேன்.

"ஆச்சி, எழும்பி இருப்பமே?" என்றார் அவர்.

அருகே நின்ற என் மாமியார் திகைத்துப் போனார். "என்ன பிள்ளை சொல்லுறீர்? முந்தநாள்தானே வெட்டித் தைச்சவை. மனுசி கொஞ்ச நாள் கிடக்கட்டும்."

"கிடந்தால் பிறகு எழும்ப மாட்டா, அம்மா" என்று அப்பெண் அமைதியாகச் சொன்னார்.

உள்ளதைச் சொல்வதாயின், அவ்வேளையில் நானும் மாமியாரின் கட்சியிலேயே இருந்தேன். பட்டம் பெற்று, இருபது ஆண்டுகள் மாணவர்க்குப் பாடம் சொல்லிக் கொடுத்த எனக்கும், முறிந்த உடம்புக்குப் படுக்கையே மருந்து என்ற எண்ணம் எலும்போடு ஊறியிருந்தது. அது எங்கிருந்து ஊறியது என்பதைச் சொன்னாலன்றி இக்கட்டுரையின் எஞ்சிய பகுதி விளங்காது.

1993 ஆம் ஆண்டில், நான் சிறுவனாய் இருந்த காலத்தில், என் அப்பாச்சியும் இவ்வாறே விழுந்தார். அது போர்க்காலம், யாழ்ப்பாணத்தில் மின்சாரமே இல்லை. சத்திரசிகிச்சைக்குக் கொண்டு செல்லும் வசதியும் எமக்கு வாய்க்கவில்லை. அறையின் நடுவே கட்டிலிட்டு அவரைக் கிடத்தினோம். வீடே அவருக்குப் பணிவிடை செய்தது. பெரியம்மா கஞ்சி பருக்குவார். அம்மா உடம்பு துடைப்பார். பாடசாலை விட்டு வந்ததும் பனையோலை விசிறியால் விசிறுவது என் வேலை. விரலைக்கூட அசைக்க விடாது பார்த்துக்கொண்டோம் என்று ஊரார் எங்களைப் புகழ்ந்தனர். முதல் மாதத்தில் முதுகிலே புண் கண்டது. இரண்டாம் மாதத்தில் முறியாத காலும் மடங்கி விறைத்தது. மூன்றாம் மாதம் சளி கட்டி, மூச்சு முட்டி இறந்தார். எலும்பு முறிந்ததனால் இறந்தார் என்றே முப்பது ஆண்டுகளாக நினைத்திருந்தேன். விசிறியும் கையுமாய் நின்ற நானும் அச்சாவிலே பங்காளி என்பது அன்று எனக்குத் தெரியாது.

படுக்கையே மருந்து என்ற நம்பிக்கை எங்கள் குடும்பத்துக்கு மாத்திரம் உரியதன்று. மேனாட்டு மருத்துவமும் நெடுங்காலம் அதையே வேதமாகக் கொண்டிருந்தது. இங்கிலாந்துச் சத்திரசிகிச்சை நிபுணர் ஜோன் ஹில்ற்றன் ஓய்வும் நோவும் பற்றி ஆற்றிய விரிவுரைகள் 1863 இல் நூலாக வெளிவந்து, மருத்துவ மாணவர் பல தலைமுறையினர்க்குப் பாடமாயின. அதில் உண்மை இல்லாமலும் இல்லை. முறிந்த எலும்பு பொருந்தும் வரை அசையாதிருத்தல் வேண்டும். அழற்சி கொண்ட மூட்டுக்கு ஓய்வு தேவை. ஓர் எலும்பின் பொருட்டு உடம்பு முழுவதையும் கட்டிப்போட்டதே தவறு. பிள்ளைப்பேறு ஆனவர், மாரடைப்பு வந்தவர், குடலிறக்கத்துக்குக் கத்தி வைக்கப்பட்டவர் எல்லோரும் வாரக்கணக்கிலே கிடத்தப்பட்டனர். 1947 இல் றிச்சட் ஆஷர் என்ற இலண்டன் வைத்தியர், படுக்கைக்குச் செல்வதன் அபாயங்கள் என்ற தலைப்பிலே பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் ஒரு கட்டுரை எழுதினார். படுக்கையால் வரும் கேடுகளை, நுரையீரலிற் சளி தேங்குவது முதல் மனம் சோர்ந்து போவது வரை, உறுப்பு உறுப்பாக எடுத்துச் சொன்ன கட்டுரை அது. என் அப்பாச்சியின் மூன்று மாதங்களும் வரிசைப்படி அதில் இருக்கின்றன.

ஆஷர் நோயாளரைப் பற்றிச் சொன்னார். நோயே இல்லாதவர் படுத்தால் என்ன ஆகும்? 1966 இல் அமெரிக்காவின் டலஸ் நகரிலே இதைச் சோதித்தார்கள். இருபது வயதுடைய திடகாத்திரமான இளைஞர் ஐவரை மூன்று வாரம் கட்டிலிலே கிடத்தினர். வேளைக்கு உணவு, வேறு வேலை இல்லை. எழுந்தபோது, கடுமையாக உழைக்கையில் உடம்பு உட்கொள்ளக்கூடிய ஒட்சிசனின் அளவு அவர்களிடத்தே நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைந்து போயிருந்தது. கதை இவ்வளவில் முடியவில்லை. முப்பது ஆண்டுகளின் பின்னர், 1996 இல், அதே ஐவரையும் தேடிப் பிடித்து மறுபடியும் சோதித்தார்கள். ஐம்பது வயதாகி, தொந்தி வைத்திருந்த அவர்களை முப்பது ஆண்டு முதுமை பாதித்ததிலும், இளமையிற் படுத்த அந்த மூன்று வாரம் அதிகமாகப் பாதித்திருந்தது என்று கண்டனர். பின்னர் ஆறு மாதம் படிப்படியாக நடையும் ஓட்டமும் சைக்கிளும் பழக்கியபோது, இருபது வயதில் படுக்கைக்குப் போகுமுன் இருந்த நிலையை ஐவரும் ஏறத்தாழ எட்டிவிட்டனர். இதைப் படித்த அன்று நான் வெகுநேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு இருந்தேன்.

வைத்தியசாலைக் கட்டிலருகே மீண்டும் வருவோம். 'பிசியோதெரப்பி' என்று ஆங்கிலத்தில் வழங்குவதை நாம் இயன்மருத்துவம் என்கிறோம். அந்த இளம்பெண் இயன்மருத்துவர் என்பதைப் பின்னரே அறிந்தேன். அன்று அவர் செய்தது மிகச் சிறிய காரியம். அம்மாவைக் கட்டிலின் விளிம்பிலே கால் தொங்க இருத்தினார். தலை சுற்றியது; இரத்தம் காலுக்கு இறங்குவதால் வரும் மயக்கம் அது என்று சொல்லிப் பொறுத்திருந்தார். பின்னர் 'வோக்கர்' எனப்படும் நாற்காற் சட்டகத்தை முன்னே வைத்து, பிடித்து எழும்பச் சொன்னார். அம்மா எழுந்தார், மூன்று மூச்சு விடும் நேரம் நின்றார், இருந்தார். அவ்வளவே. மறுநாள் நான்கு அடி வைத்தார். அதற்கடுத்த நாள் வாசல் வரை சென்று, "அந்தக் கட்டிற்காரி நேற்று முழுக்க அழுதவ" என்று அயற்கட்டிலின் செய்தியோடு திரும்பினார். அம்மா பிழைத்துக்கொள்வார் என்று எனக்கு முதன்முதலாக நம்பிக்கை வந்தது அப்பொழுதுதான்.

வீட்டுக்கு வந்த பின்னரே உண்மையான போராட்டம் தொடங்கியது. எமது மக்களுக்கு இயன்மருத்துவர் என்றால் கைகாலைத் தடவி விடுகிறவர் என்பது எண்ணம். அல்லது மின்சார யந்திரம் வைத்துச் சூடு கொடுக்கிறவர். அம்மாவைப் பார்க்க வந்த உறவினர் பலரும், "கறன்ற் பிடிக்கேல்லையோ?" என்று குறையோடு கேட்டார்கள். சூட்டுக்கும் தடவலுக்கும் இடம் உண்டு. நோவைத் தணித்து, தசையை இளக்கித் தரும். ஆனால் கட்டிலிற் கிடப்பவருக்காக வேறொருவர் செய்யும் எதனாலும் தசை வலுப்பதில்லை. தசை தானே சுருங்கி, தானே பாரம் சுமந்தால்தான் வளரும். ஆதலால் இயன்மருத்துவர் எமக்குக் கொடுத்த மருந்துச் சீட்டு விசித்திரமாய் இருந்தது. படுத்திருக்கையில் குதிக்காலை இழுத்து முழங்காலை மடித்தல் பத்துத் தரம், கதிரையில் இருந்து காலை நீட்டிப் பிடித்தல் பத்துத் தரம், கைச்சட்டமுள்ள கதிரையிலிருந்து எழுந்து மீண்டும் இருத்தல் ஐந்து தரம், விறாந்தையில் நடை. இவற்றை நாளுக்கு மூன்று வேளை செய்ய வேண்டும். இவற்றோடு ஒரு கண்டிப்பான விதியும் உண்டு. அவர் எழும்பும்போது எவரும் கை கொடுக்கலாகாது; அருகே நிற்கலாம்.

அந்த விதியைப் போலக் கடினமான ஒன்றை எங்கள் வீடு அதற்கு முன் கண்டதில்லை. தாய் கதிரையைப் பற்றி நடுங்குகிறார். மகன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். வாசலால் போனவர்கள் என்ன நினைத்தார்களோ! என் மனைவி இரண்டு முறை பொறுக்கமாட்டாமல் ஓடிச்சென்று தூக்கிவிட்டாள். பொருத்திய மூட்டு விலகாதிருக்கும் பொருட்டுச் சில வாரம் தரையிற் சப்பணமிடலாகாது என்றும் சொல்லியிருந்தார்கள். அம்மாவுக்கு நோவினும் இதுவே பெருந்துயர். "கதிரையில இருந்து கும்பிடுறதோ?" என்று கண் கலங்கினார். சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மகள் ஒருத்திதான் சலியாமல் நின்றவள். அப்பாச்சி எவ்வளவு தூரம் நடந்தார் என்பதை ஒவ்வொரு மாலையும் விறாந்தைச் சீமெந்திலே சோக்கட்டியாற் கோடு கீறி, திகதியும் எழுதி வைத்தாள்.

அசையாதிருந்தாற் குணம் என்ற வேதத்தை எதிர்த்து நின்றவர்களுள் ஒருவரின் கதை இவ்விடத்திற் சொல்லத்தக்கது. எலிசபெத் கெனி என்ற அப்பெண்மணி 1880 இல் அவுஸ்திரேலியாவிலே பிறந்தவர். முறையான தாதிப் பயிற்சிச் சான்றிதழ் அவரிடம் இருக்கவில்லை. குவீன்ஸ்லாந்தின் நாட்டுப்புறங்களிலே குதிரையேறிச் சென்று நோயாளரைப் பராமரித்து வந்தார். 1911 இல் ஒரு சிறுமி கைகால் முறுகி வேதனையிலே துடிப்பதைக் கண்டு, தமக்குத் தெரிந்த வைத்தியருக்குத் தந்தி கொடுத்தார் என்றும், அது இளம்பிள்ளை வாதம், அறிந்த மருந்து இல்லை, குறிகளுக்கு ஏற்றதைச் செய்க என்று மறுமொழி வந்தது என்றும் தம் வரலாற்றிலே எழுதியிருக்கிறார். கம்பளித் துணியைக் கிழித்து, கொதிநீரிற் தோய்த்துப் பிழிந்து, இறுகிய தசைகளிற் சுற்றினார். நோவு தணிந்தது. பிறகு காலை மெல்ல மெல்ல அசைத்து, அசைவது எந்தத் தசை என்பதைப் பிள்ளைக்கே உணர்த்தி, அதைத் தானாக அசைக்கப் பழக்கினார்.

அக்காலத்து வைத்தியர்கள் செய்தது நேர்மாறானது. வாதம் கண்ட பிள்ளைகளின் கைகால்களை மரச் சட்டங்களிலும் சாந்துக் கட்டுகளிலும் மாதக்கணக்கிலே பிணித்து வைத்தார்கள். வலுவுள்ள தசை வலுவற்ற தசையை இழுத்து உறுப்பைக் கோணலாக்கிவிடும் என்பது அவர்களது அச்சம். கட்டை அவிழ்க்கும் நாளிலே கால் நேராகத்தான் இருந்தது; ஆயின் கோலைப்போல விறைத்து, சூம்பியும் இருந்தது. முதலாம் உலகப் போரிலே படைத் தாதியாகப் பணியாற்றி 'சிஸ்ரர்' என்ற பட்டத்தைப் பெற்றிருந்த கெனி, 1930 களில் ரவுண்ஸ்வில் நகரிலே சிகிச்சை நிலையம் நடத்தினார். குவீன்ஸ்லாந்து அரசு நியமித்த வைத்தியர் குழு 1938 இல் வெளியிட்ட அறிக்கை அவர் முறையைக் கண்டித்தது. கட்டுகளை நீக்குவது ஆபத்து என்றது. 1940 இல் அவர் அமெரிக்கா சென்றார். மினியாப்பொலிஸ் நகரத்து வைத்தியர் சிலர், நோயாளர் தேறுவதைக் கண்ணாற் கண்டபின் கருத்தை மாற்றினர். 1942 இல் அந்நகரிலே அவர் பெயரால் ஒரு நிலையம் திறக்கப்பட்டது. அவர் 1952 இல் இறந்தார். மூன்று ஆண்டுகளின் பின்னர் சோல்க்கின் தடுப்பூசி வந்தது.

கெனி அம்மையார் எளிதிற் பழகக்கூடியவர் அல்லர் என்று தெரிகிறது. எதிர்த்தவரை ஏசினார், தம்முடைய விளக்கமே சரியென்று பிடிவாதமும் செய்தார். அவ்விளக்கம் முழுவதும் சரியன்று. நோய் தசையிலே தங்கியிருக்கிறது என்று அவர் கருதினார். உண்மையிலே அக்கிருமி முள்ளந்தண்டு வடத்திலுள்ள இயக்க நரம்புக் கலங்களைத் தாக்குகிறது. கலம் இறந்தால் அது ஏவிய தசைநார்கள் ஏவுவாரற்று அனாதையாகின்றன. தப்பிய நரம்புக் கலங்கள் புதுக்கிளை விட்டு அவ்வனாதைகளிற் பலவற்றைத் தத்தெடுத்துக்கொள்கின்றன. பெற்றோரை இழந்த பிள்ளைகளைச் சிற்றப்பன் வீட்டார் எடுத்து வளர்ப்பதைப் போன்றது இது. அவ்வாறு தத்தெடுத்த தசையைப் பழக்கி வலுவாக்க வேண்டுமாயின் அசைவு வேண்டும். மூட்டு விறைக்காதிருக்க வேண்டும். அவர் விளக்கம் பிழைத்தது. அவர் கை பிழைக்கவில்லை. எனக்கு அவரிடத்தே மதிப்பு வருவது இதனாற்றான். இலங்கையிலே 1993 இன் பின்னர் இளம்பிள்ளை வாதம் காணப்படவில்லை. ஆதலால் இன்றைய மாணவர்க்கு அந்நோயின் முகம் தெரியாது. எங்கள் தலைமுறையினர் வகுப்பிலே சூம்பிய காலோடு ஒரு தோழனாவது இருந்தான்.

முள்ளந்தண்டு முறிந்த படைவீரர் பெரும்பாலும் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் மாண்டுபோன காலம் ஒன்று இருந்தது. ஜேர்மனியிலிருந்து தப்பி வந்த யூத வைத்தியர் லுட்விக் குட்மன், 1944 இல் இங்கிலாந்தின் ஸ்ரோக் மண்டவில் வைத்தியசாலையிலே இரண்டு மணிக்கொருமுறை அவர்களைப் புரட்டிப் படுக்க வைத்தும், கை வலுவைப் பெருக்கியும் அவர்களை உலகுக்கு மீட்டார். 1948 ஆடி மாதம் 29 ஆந் திகதி, இலண்டனில் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், சக்கரக் கதிரையில் அமர்ந்த 16 பேருக்கு வைத்தியசாலை முற்றத்தில் வில்வித்தைப் போட்டி நடத்தினார். இன்றைய பராலிம்பிக் அதன் வழி வந்தது. எங்கள் வடபுலத்திலே மிதிவெடியிற் காலிழந்தவர்க்கு உதவியது வேறொரு நாட்டு வித்தை. 1968 அளவிலே இந்தியாவின் ஜெய்ப்பூர் நகரில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் வைத்தியர் பி. கே. சேத்தியும் சேர்ந்து உருவாக்கிய இறப்பர்ப் பாதம், சப்பாத்து இல்லாமலும் வயல் வரப்பிலும் நடக்கத் தக்கது. 1987 முதல் யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையம் அத்தகைய கால்களைச் செய்து பொருத்தி வருகின்றது. பொருத்திய காலோடு ஒருவர் இரு சமாந்தரக் கம்பிகளுக்கு இடையே முதன்முதல் நிற்பதைப் பார்த்தவர்கள் அறிவர்: கால் வந்துவிட்டது, நடை இன்னும் வரவில்லை. பாரத்தைப் புதுக்காலிலே போடத் துணியும் வரை வாரக்கணக்கிலே பயிற்சி வேண்டும்.

இவற்றை எல்லாம் நான் ஊன்றிப் படிக்கத் தொடங்கியதற்கு அம்மா மாத்திரம் காரணமல்லர். எங்கள் கல்லூரியிற் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்ற மூத்த ஆசிரியர் ஒருவர் பாரிசவாதத்தால் வலப்பக்கம் செயலிழந்து வீட்டில் இருந்தார். கால் ஓரளவு தேறியது. வலக்கை மடியிலே கிடந்தது. விரலை நீட்டச் சொன்னால் சிறிது நீட்டுவார். எனினும் அக்கையால் எதையும் தொடமாட்டார். இடக்கையே எல்லாம் செய்தது. அதுவும் செய்யாததை அவர் மனைவியார் செய்தார். சோறு குழைத்து ஊட்டுவதும் அவரே.

இந்த நிலையை ஆராய்ந்தவர் எட்வர்ட் ரௌப் என்ற அமெரிக்கர். ஒரு கையின் உணர்வு நரம்புகளை அறுத்த குரங்குகள், அக்கையை அசைக்க வல்லனவாய் இருந்தும், அதை முற்றாகக் கைவிடுவதை அவர் கண்டார். முதலில் முயன்று தோற்கின்றன; மற்றக் கையாற் காரியம் நடந்துவிடுகிறது; பயன்படுத்தாமை என்பதையே பாடமாகக் கற்றுக்கொள்கின்றன. நல்ல கையைக் கட்டிவிட்டாலோ, கைவிட்ட கை வேலைக்கு வந்தது. குரங்குகளை வைத்து நடந்த இவ்வாராய்ச்சியின் கொடுமை பற்றி 1981 இல் பெரும் வழக்கு எழுந்தது. அதனை மறைத்து இவ்வித்தையைப் போற்றுவது முறையன்று. ஆயினும் அதிலிருந்து பிறந்த சிகிச்சை பலருடைய கைகளை மீட்டிருக்கிறது. பாரிசவாதம் கண்டவரின் நல்ல கைக்குத் தடித்த கையுறை மாட்டி, விழித்திருக்கும் நேரத்திற் பெரும்பகுதி அதைத் தடுத்து வைத்து, இரண்டு வாரம் நாள்தோறும் பல மணி நேரம் நோய்க் கையையே பழக்குவார்கள். 2006 இல் வெளிவந்த ஆய்வொன்றிலே, நோய் கண்டு மூன்று முதல் ஒன்பது மாதமான 222 பேர் பங்குபற்றினர். இப்பயிற்சி பெற்றவர்களின் கை ஏனையோரின் கையினும் தெளிவாக முன்னேறியது. ஓராண்டின் பின்னரும் அம்முன்னேற்றம் நிலைத்தது. மூளையிலே இறந்த பகுதி மீண்டும் உயிர் பெறுவதில்லை. அண்டையிலுள்ள பகுதிகள் அதன் தொழிலைக் கற்றுக்கொள்கின்றன. எல்லோருக்கும் இது ஏற்றதும் அன்று. மணிக்கட்டையும் விரல்களையும் சிறிதளவேனும் நிமிர்த்தக் கூடியவர்க்கே பயன்படும்.

எங்கள் மூத்த ஆசிரியருக்கு அச்சிறிதளவு இருந்தது. இயன்மருத்துவர் அவருக்கு ஏற்றவாறு இதைத் தளர்த்திக் கொடுத்தார். இடக்கைக்குச் சமையற்கட்டிலே சூடான சட்டி பிடிக்கும் உறை. வலக்கைக்கு ஒரு தட்டிலே புளியங்கொட்டை. ஒவ்வொன்றாய் எடுத்துச் சிரட்டையில் இட வேண்டும். முதல் நாள் அரை மணி நேரத்திலே நான்கு கொட்டை. அவர் சினந்து தட்டைத் தள்ளிவிட்டார் என்று மனைவியார் சொன்னார். ஊட்டுவதை நிறுத்தச் சொன்னபோது அழுதவரும் அவ்வம்மையாரே. ஆறாம் வாரம் நான் சென்றபோது முன்னறையிலே பழைய கரும்பலகை ஒன்று சாத்தியிருந்தது. சோக்கட்டியை வலக்கையிலே பிடித்து, நாற்பது ஆண்டுகள் கவராயம் இல்லாமற் கீறிப் பேர் பெற்ற அவருடைய வட்டத்தைக் கீறிக் காட்டினார். கத்தரிக்காய் போல இருந்தது. "தம்பி, ஆரையைக் கேளாதையும்" என்று சொல்லிச் சிரித்தார். நோய் கண்ட பின் அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். இன்று கரண்டியால் உண்கிறார். சட்டைப் பொத்தான் மாத்திரம் இன்னும் மனைவியாரின் வேலை.

முதுமைக்கு இவை பொருந்துமா என்று கேட்பவர் உண்டு. அம்மாவே கேட்டார்: "இந்த வயசில எனக்கென்னத்துக்கு இது?" பொஸ்ரன் நகரத்து முதியோர் இல்லமொன்றிலே 86 முதல் 96 வயது வரையான பத்துப் பேரைக் கொண்டு 1990 இல் வெளியிட்ட ஆய்வை அவருக்குச் சொன்னேன். எட்டு வாரம், காலாற் பாரம் தூக்கும் பயிற்சி; உண்மையாகவே கடினமான பாரம். தொடைத் தசையின் வலு சராசரியாக 174 வீதம் கூடியது. இருவர் ஊன்றுகோலையே விட்டுவிட்டனர். பயிற்சியை நிறுத்திய நான்கு வாரத்திலே பெற்ற வலுவிற் கணிசமான பங்கு போய்விட்டது என்பதையும் மறைக்காமற் சொன்னேன். அம்மாவின் மனத்திலே பதிந்தது இந்தப் பின்பகுதியே. "அப்ப விட்டால் போயிடும்" என்றார். மறுநாள் முதல் யாரும் நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இவ்வித்தைக்கு மாத்திரை போல விலை இல்லை. ஆனால் காலம் வேண்டும், துணை வேண்டும். அரச வைத்தியசாலைக்கு வாரம் இருமுறை ஓட்டோ பிடித்து நாங்கள் சென்றோம், எங்களால் முடிந்தது. கூலி வேலைக்குப் போகும் பிள்ளைகளின் தாய் ஒருத்தி எங்களோடு வரிசையில் இருப்பாள். மூன்றாம் வாரத்தின் பின் அவளைக் காணவில்லை. நோவு பற்றியும் ஒரு சொல். நோவுக்கு அஞ்சி நிறுத்துவதும் பிழை. நோவைப் பொருட்படுத்தாது இழுப்பதும் பிழை. வேலை செய்த தசையின் நோவு மறுநாள் தணியும். கூரிய நோவு, வீக்கம், பின்காலிற் சூடு, மூச்சிரைப்பு ஆகியவை கண்டால் பயிற்சியை விட்டு வைத்தியரிடம் ஓட வேண்டும். எது எந்த நோவு என்று பிரித்தறியவே பயின்றவர் ஒருவர் தேவைப்படுகிறார். பரம்பரையாக முறிவு நெரிவு பார்க்கும் நம்மூர் வைத்தியருள் நல்லவர்கள் இதை அறிவர். எண்ணெயிலும் கட்டிலும் நில்லாது, கட்டு அவிழ்த்தபின் உறுப்பை அசைத்துப் பழக்கச் சொல்வர். அதைக் கேளாமல் எண்ணெயை மாத்திரம் வாங்கிச் செல்பவர்கள் நாங்கள்தாம்.

விறாந்தைக் கோடுகள் தைப்பொங்கலுக்கு முன்னரே படிக்கட்டை எட்டின. படி இறங்குதற்கு ஒரு பாடம்: ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது நோய்க் கால் முன்னே. மகள் அதைப் பாட்டாகவே கட்டிப் பாடினாள். மாசியிலே வோக்கர் போய் ஊன்றுகோல் வந்தது. கோயில் வீதி ஒரு சுற்று வர சித்திரை ஆயிற்று. முன்போல விரைந்து நடக்க அவரால் இனி ஆகாது. கிணற்றிலே நீர் அள்ளவும் நாங்கள் விடுவதில்லை. கிணற்றடிச் சீமெந்தை வாரம் ஒருமுறை நான் தேய்க்கிறேன். பக்கத்தில் நின்று, இந்த மூலை போதாது, அந்த மூலை போதாது என்று ஊன்றுகோலாற் சுட்டிக் காட்டுகிறார்.

இன்று காலை இக்கட்டுரையை எழுதிக்கொண்டிருந்தபோது அவர் செவ்வரத்தம்பூ பறிக்க முற்றத்துக்கு இறங்கினார். பூ எட்டவில்லை. "தம்பி, அந்தக் கொக்கத்தடியை எடுத்துத் தா" என்றார். தடி பத்தடிக்கு அப்பால், மதிலோடு சாத்தியிருந்தது. எழுந்தேன், பின்பு இருந்துவிட்டேன். அவர் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு மதிலை நோக்கி நடந்தார்.